கடை அலாரத்தை இணையத்துக்கு மாற்றலாமா? லண்டன் நகைக்கடை உரிமையாளருக்கு ஒரு பதில்

மேற்கு லண்டனில் சிறிய நகைக்கடை நடத்தும் ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் தொடங்கிய கடை. அவர் காலமான பின் இவரே நடத்திவருகிறார். கடைக்கு மேலுள்ள வீட்டில் இவருடன் வயதான தாயாரும் வசிக்கிறார். கடையின் களவு அலாரம் பல ஆண்டுகளாகச் சாதாரணத் தொலைபேசி இணைப்பு வழியாகக் கண்காணிப்பு நிலையத்துக்குச் செய்தி அனுப்பிவந்தது. பெட்டிக்குள் ஒரு சிம் அட்டையும் இருக்கிறதாம். ஆனால் அது வேலை செய்கிறதா என்று எவருக்கும் தெரியாது. சில மாதங்களுக்கு முன் தொலைபேசி நிறுவனம் இணைப்பை டிஜிட்டல் முறைக்கு மாற்றி, ஒரு ரவுட்டரை வைத்துவிட்டுப் போனது. அலாரத்தின் வயரும் அந்த ரவுட்டரிலேயே செருகப்பட்டது. அன்றிலிருந்து இரவில் இடையிடையே எண்பலகையில் "இணைப்புக் கோளாறு" என்று காட்டுகிறது. காலையில் அதை அழித்துவிட்டுக் கடையைத் திறக்கிறார். நிலையத்திலிருந்து இதுவரை ஒருவரும் அழைத்துக் கேட்கவில்லை.

அலாரம் பொருத்தியவர், "வைஃபையில் இயங்கும் பெட்டி ஒன்றைப் போட்டுவிடலாம். உங்கள் கைத்தொலைபேசிக்கே அறிவிப்பு வரும், மாதக் கட்டணமும் மிச்சம்" என்கிறார். கணினித் துறையில் படிக்கும் தம்பியின் மகனோ, "இணையத்தில் இணைத்த எதையும் ஹேக் செய்யலாம். பழைய இணைப்பையே திருப்பிக் கேளுங்கள்" என்கிறார். காப்புறுதிப் பத்திரத்தில் "பொலிஸ் வருகைக்கு உரிய, இரட்டை வழியில் கண்காணிக்கப்படும் அலாரம்" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. தாயாரின் கழுத்தில் தொங்கும் அவசரப் பொத்தானும் இதே இணைப்பில்தான் இருந்தது. யார் சொல்வதைக் கேட்பது, களவு நடந்தால் காப்புறுதி கிடைக்குமா என்பவை இவருடைய கேள்விகள்.

அன்பின் சகோதரிக்கு,

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. இத்தனை தடவை கோளாறு காட்டியும் நிலையத்திலிருந்து ஒருவரும் அழைக்கவில்லை என்கிறீர்கள். எனவே இதை வாசித்து முடிப்பதற்கு முன்பே நிலையத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள். கணக்கு எண்ணைச் சொல்லி, "என் கடையிலிருந்து கடைசியாகச் செய்தி வந்தது எப்போது, எந்த வழியாக?" என்று கேளுங்கள். தொலைபேசி வழிக்கும் சிம் வழிக்கும் தனித்தனியாகப் பதில் வாங்குங்கள். அதை மின்னஞ்சலிலும் அனுப்பச் சொல்லுங்கள். நேற்றிரவு வந்தது என்றால் நல்லது. மாதக்கணக்கில் எதுவும் வரவில்லை என்றால், உங்கள் கடை இப்போது வெறும் மணிச்சத்தத்தை நம்பி நிற்கிறது. அப்படியானால் இன்றிரவே கண்ணாடிப் பெட்டிகளில் உள்ளதையெல்லாம் இரும்புப் பெட்டகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பெட்டியில் இருக்கும் சிம்மையும் சந்தேகியுங்கள். பிரித்தானியாவின் 3ஜி சேவைகள் 2024, 2025 ஆண்டுகளில் மூடப்பட்டுவிட்டன. 2ஜி இன்னும் இயங்குகிறது, ஆனால் 2033க்குள் அதையும் நிறுத்துவதாக நிறுவனங்கள் அறிவித்திருக்கின்றன. பழைய கருவி 3ஜியை மட்டும் நம்பியிருந்தால் உங்களுடைய இரண்டாவது வழி ஏற்கனவே இறந்திருக்கக்கூடும்.

பழைய இணைப்பு எவ்வளவு பாதுகாப்பாக இருந்தது?

தம்பியின் மகனின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் திருப்பிக் கேட்கச் சொல்லும் இணைப்பு இனிமேல் கிடையாது. 2023 செப்டம்பரிலிருந்து பழைய வகை இணைப்புகள் புதிதாக விற்கப்படுவதில்லை. 2027 ஜனவரி 31க்குள் அந்த வலையமைப்பு முழுவதும் நிறுத்தப்பட இருக்கிறது. தொலைபேசிக் கம்பியை இடைவிடாமல் கண்காணித்துவந்த ரெட்கேர் சேவைகூட 2025 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது.

அது ஒரு கோட்டையாகவும் இருந்ததில்லை. சாதாரண இணைப்பில் உங்கள் பெட்டி என்ன செய்தது என்று பாருங்கள். கதவு உடைந்ததும் நிலையத்தின் எண்ணைச் சுழற்றியது. மறுமுனை எடுத்ததும், நாம் பொத்தான்களை அழுத்தும்போது கேட்கும் அதே ஒலிகளில் இலக்கங்களை அனுப்பியது. பரவலாகப் பயன்பட்ட "கன்டாக்ட் ஐடி" முறையில் ஒரு செய்தி 16 இலக்கங்கள் கொண்டது. முதல் நான்கு உங்கள் கணக்கு எண். நடுவில் வரும் 130 என்றால் களவு. கடைசியில் வருவது சரிபார்ப்பு இலக்கம். செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் மறைகுறியாக்கம் என்பதே இதில் கிடையாது. கம்பியில் காதை வைப்பவர் எவரும் எழுதிக்கொள்ளலாம், அதேபோல ஒலியெழுப்பவும் செய்யலாம்.

எண்பலகையில் வரும் கோளாறுக்கும் இங்கேதான் காரணம் இருக்கலாம். அந்த ஒலிகள் ஒவ்வொன்றும் ஒரு வினாடியின் இருபதில் ஒரு பங்கு அளவே நீடிப்பவை. ரவுட்டர் வழியாகப் போகும்போது குரல் சிறு பொட்டலங்களாக வெட்டப்பட்டு, சுருக்கப்பட்டு, மறுமுனையில் ஒட்டப்படுகிறது. மனிதக் குரலில் ஒரு பொட்டலம் தவறினால் நமக்குத் தெரியாது. 16 இலக்கச் செய்தியில் ஒன்று சிதைந்தாலும் சரிபார்ப்பு இலக்கம் பொருந்தாது, நிலையத்தின் கருவி செய்தியை ஏற்காது. பெட்டி திரும்பத் திரும்ப முயன்று தோற்றுவிட்டுக் கோளாறு என்று எழுதுகிறது. நேரடிச் செப்புக் கம்பிக்காக வடிவமைத்த கருவியை ரவுட்டரின் தொலைபேசித் துளையில் செருகிவிட்டு "முடிந்தது" என்று சொல்வது பொறுப்பான வேலை அல்ல.

மின்சாரத்தையும் கவனியுங்கள். பழைய தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. தெருவே இருண்டாலும் அது பேசியது. ரவுட்டர் உங்கள் சுவரிலுள்ள மின்சாரத்தை நம்பியிருக்கிறது. அலாரம் பெட்டிக்குள் பற்றரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. எனவே ஒருவன் வெளியே மின்சாரத்தைத் துண்டித்தால், அலாரம் விழித்திருக்கும், ஆனால் வாய் கட்டப்பட்டிருக்கும்.

மௌனத்தை யார் கவனிக்கிறார்கள்?

இணையம் பாதுகாப்பானதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் வேறொன்றைக் கேட்பேன்: உங்கள் கடையிலிருந்து வரும் செய்தி நின்றுவிட்டால், அது நின்றுவிட்டது என்பது எத்தனை நேரத்தில் ஒரு மனிதருக்குத் தெரியவரும்?

தொழில்முறைக் கள்வன் மறைகுறியாக்கத்தை உடைப்பதில் நேரத்தைச் செலவிடுவதில்லை. கம்பியை வெட்டுகிறான், அலைவரிசையைக் குழப்புகிறான், மின்சாரத்தை நிறுத்துகிறான். பழைய முறையில் பெட்டி நாளுக்கு ஒரு தடவை மட்டும் "நான் இருக்கிறேன்" என்று நிலையத்தை அழைத்துச் சொன்னது. சனி மாலை கம்பி அறுந்தால் ஞாயிறு வரை நிலையத்துக்குத் தெரியாமல் போகலாம்.

இணைய வழியின் பெரிய நன்மை இங்கேதான் இருக்கிறது. முறையான கருவி நிலையத்தோடு இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்கும். பேச்சு நின்றால் அந்த மௌனமே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப்படும். ஈஎன் 50136 என்ற ஐரோப்பியத் தரம் இதற்கு நேர எல்லைகளை வகுத்திருக்கிறது. "எஸ்பி2" என்ற ஒற்றை வழி வகையில் இணைப்பு அறுந்ததைச் சொல்ல 25 மணி நேரம் வரை ஆகலாம். "டிபி3" என்ற இரட்டை வழி வகையில் முதன்மை வழி அறுந்தால் 3 நிமிடங்களுக்குள் தெரிய வேண்டும். "டிபி4" வகையில் 90 வினாடிகள். "இணைய வசதி உள்ளது", "வங்கித் தரப் பாதுகாப்பு" போன்ற விளம்பர வார்த்தைகளை விட்டுவிட்டு, விலைப்பட்டியலில் இந்த வகை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

நகை வியாபாரம் செய்கிற நீங்கள், லண்டனின் நகைக்கடை வீதியான ஹட்டன் கார்டனில் நடந்த கொள்ளையை மறந்திருக்கமாட்டீர்கள். 2015 ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறையில் நடந்தது. பெட்டகங்கள் இருந்த நிலவறைக்குள் இறங்கிய கள்வர் அலாரத்தின் தொலைபேசிக் கம்பியை வெட்டினார்கள், அலைவாங்கியையும் உடைத்தார்கள். அப்படியிருந்தும் கருவி குறுஞ்செய்தி அனுப்பிவிட்டது. கண்காணிப்பு நிலையம் நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் பொலிஸுக்குச் சொன்னது. ஆனால் பொலிஸார் அந்த அழைப்புக்கு ஆள் அனுப்பத் தேவையில்லை என்று வகைப்படுத்திவிட்டார்கள். ஒரு காவலாளி வந்து வெளியே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்று போய்விட்டார். கள்வரோ உள்ளே துளைபோட்டுக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை இரவு இன்னொரு தடவை வந்து வேலையை முடித்தார்கள். மதிப்பு ஏறத்தாழ 14 மில்லியன் பவுண்.

இரண்டாவது வழி ஒன்று இருந்ததால்தான் கம்பி வெட்டப்பட்ட பின்னும் செய்தி வெளியே வந்தது. வந்த செய்தியின் பேரில் எவரும் உள்ளே போகாததால் பெட்டகங்கள் பறிபோயின. நீங்கள் கருவி வாங்கும்போது இந்த இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஹேக் செய்ய முடியாதா?

முடியும், கவனக்குறைவாக அமைத்தால். தம்பியின் மகன் முழுக்கத் தவறாகச் சொல்லவில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகமெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அதற்கு நுட்பமான வித்தை எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயர், கடவுச்சொல் சோடிகளில் அறுபதுக்கும் சற்று அதிகமானவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். உங்கள் கடைக் கமராவின் கடவுச்சொல்லைப் பொருத்தியவர் மாற்றினாரா என்று இன்று கேளுங்கள். 2024 ஏப்ரல் 29 முதல் பிரித்தானியாவில் நுகர்வோருக்கு விற்கும் இணையக் கருவிகளில் எல்லாவற்றுக்கும் பொதுவான கடவுச்சொல் வைப்பது சட்டவிரோதம். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எந்தத் திகதிவரை கிடைக்கும் என்பதையும் தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் வாங்கிய கருவிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அலாரச் செய்தியைப் பொறுத்தவரை, மறைகுறியாக்கம் இருப்பது மட்டும் போதாது. அது இயக்கப்பட்டிருக்க வேண்டும். இணைய வழியில் பரவலாகப் பயன்படும் எஸ்ஐஏ டிசி-09 முறையில் மறைகுறியாக்கம் ஒரு விருப்பத் தேர்வுதான். பொருத்துபவர் மறைகுறியாக்கத்துக்கான இரகசிய எண்ணை, அதாவது சாவியை, உள்ளிடாமல் விட்டால் செய்தி திறந்த கடிதமாகவே போகும், எண்பலகையில் எந்த வேறுபாடும் தெரியாது. "சாவி உள்ளிடப்பட்டதா, கருவி மாற்றிவைக்கப்பட்டால் நிலையம் கண்டுபிடிக்குமா?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியமானது. உங்கள் கருவியைக் கழற்றிவிட்டு அதைப்போலவே "எல்லாம் நலம்" என்று சொல்லும் இன்னொன்றைச் செருகும் உத்தியை முறியடிக்கும் ஏற்பாடும் மேலே சொன்ன ஈஎன் 50136 தரத்தில் இருக்கிறது.

மற்றபடி, அலாரக் கருவியை ரவுட்டரோடு கேபிளால் இணைக்கச் சொல்லுங்கள். கடைக்கு நான் வைஃபையை ஏற்கமாட்டேன். வாசலில் நிற்கும் காருக்குள் இருந்தே அதைக் குழப்பிவிட முடியும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையையும் கமராவையும் அலாரம் இருக்கும் வலையமைப்பிலிருந்து பிரித்துவைக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து அலாரத்துக்குள் வருவதற்காக ரவுட்டரில் "போர்ட்" திறக்க வேண்டும் என்று எவராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நல்ல கருவி உள்ளிருந்து வெளியே மட்டுமே அழைக்கும். வெளியிலிருந்து வரும் கதவு அதற்குத் தேவையில்லை.

கைத்தொலைபேசி அறிவிப்பு போதுமா?

போதாது. நீங்கள் உறங்கும்போது, விமானத்தில் இருக்கும்போது, கோயிலில் தொலைபேசியை அணைத்திருக்கும்போது அறிவிப்பு வந்து என்ன பயன்? அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. பொலிஸ் உடனடியாக வருவதற்கு உங்கள் அலாரத்துக்கெனப் பதிவு எண் ஒன்று இருக்கிறது. என்எஸ்ஐ அல்லது எஸ்எஸ்ஏஐபி என்ற சான்றளிக்கும் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் பொருத்திப் பராமரிக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட நிலையம் கண்காணிக்க வேண்டும், உறுதிப்படுத்திய அலாரமாகவும் (ஒரே உணரியை மட்டும் நம்பாமல் இன்னொன்றாலும் உறுதிசெய்யப்படுவது) இருக்க வேண்டும் என்பவை அதற்கான நிபந்தனைகள். கண்காணிப்பைக் கைவிட்டால் அந்த எண்ணும் போய்விடும். அதன்பின் நீங்கள் 999ஐ அழைத்து "செயலியில் அறிவிப்பு வந்தது" என்று சொன்னால், களவு நடப்பதற்கு வேறு சான்று கேட்பார்கள். 12 மாதங்களில் மூன்று பொய் அழைப்புகள் போனாலே உடனடி வருகையை நிறுத்திவிடும் நடைமுறை இருப்பதால், பழுதான கருவியோடு காலத்தை ஓட்டுவதும் ஆபத்துத்தான்.

செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்காணிப்போடு சேர்த்துக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சப்படுத்துவதாகச் சொன்ன மாதக் கட்டணம்தான், நள்ளிரவில் உங்களுக்காக ஒருவர் விழித்திருப்பதற்கான கூலி.

காப்புறுதி

பொருத்தியவரின் யோசனைப்படி செய்தால் பத்திரத்திலுள்ள நிபந்தனையை நீங்களே கைவிட்டதாகிவிடும். இரட்டை வழியும் இராது, பொலிஸ் வருகையும் இராது.

நிபந்தனை ஒரு தடவை மீறப்பட்டால் பத்திரம் முழுவதும் செத்துவிடும் என்று நீங்கள் பயப்படலாம். முன்பு சட்டம் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த 2015ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டம் அதை மாற்றியது. இப்போது இத்தகைய உறுதிமொழி மீறப்பட்டிருக்கும் காலத்தில் மட்டும் பாதுகாப்பு நிறுத்திவைக்கப்படும், சரிசெய்ததும் திரும்ப வரும். மீறலுக்கும் நடந்த இழப்புக்கும் தொடர்பு இருக்க வழியில்லை என்று நீங்கள் காட்ட முடிந்தால், அதைச் சாக்காக வைத்து மறுக்கவும் முடியாது. தண்ணீர்க் குழாய் வெடித்த சேதத்துக்கு அலாரத்தைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் களவு என்று வரும்போது இந்த வாதம் உங்களுக்கு உதவாது. அலாரம் செய்தி அனுப்பாத இரவில் களவு நடந்தால் நீங்கள் பலவீனமான இடத்தில்தான் நிற்பீர்கள்.

எனவே மறைக்காதீர்கள். இணைப்பு மாற்றப்பட்ட திகதி, கோளாறு காட்டிய நாட்கள், சரிசெய்ய எடுக்கும் நடவடிக்கை மூன்றையும் உங்கள் தரகருக்கு இந்த வாரமே மின்னஞ்சலில் எழுதுங்கள். இடைக்காலத்தில் என்ன செய்தால் பாதுகாப்பு தொடரும் என்று கேளுங்கள். சில நிறுவனங்கள் பெட்டகத்துக்கு வெளியே வைக்கும் நகையின் மதிப்புக்கு எல்லை விதிக்கும், சில இரவுக் காவலாளியைக் கேட்கும். அடுத்த புதுப்பித்தலின்போது கேட்டால் சொல்லலாம் என்று இருந்துவிடாதீர்கள். வியாபாரக் காப்புறுதியில் முக்கியமான விடயங்களை நேர்மையாக எடுத்துச்சொல்லும் கடமை உங்களுடையது. புதிய கருவியின் தரத்தையும் வகையையும் காப்புறுதி நிறுவனம் எழுத்தில் ஏற்ற பிறகே பொருத்துநருக்கு முற்பணம் கொடுங்கள்.

அம்மாவின் பொத்தான்

இதை நீங்கள் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ நகையைவிட இது பெரிதாகப்படுகிறது. அந்தப் பொத்தானின் பெட்டியும் பழைய அலாரத்தைப் போலவே ஒலிகளால் பேசுவது என்றால், அதே சிக்கல் அதற்கும் உண்டு. அம்மா விழுந்து பொத்தானை அழுத்தும் நாளில்தான் அது தெரியவரும். இன்றே அழுத்திப் பாருங்கள், மறுமுனையில் ஆள் பேசுகிறாரா என்று கேளுங்கள். இத்தகைய பொத்தான் வைத்திருப்பவர்களை, பொருத்தமான கருவி வேலை செய்கிறது என்று உறுதிப்படுத்தாமல் மாற்றமாட்டோம் என்று தொலைபேசி நிறுவனங்கள் 2023 டிசம்பரில் அரசிடம் எழுத்தில் உறுதியளித்தன. உங்களிடம் கேட்காமலே மாற்றியிருந்தால் முறைப்பாடு செய்ய உங்களுக்கு முழு நியாயம் உண்டு. வீட்டில் பொத்தான் இருப்பதை நிறுவனத்துக்கு அறிவித்து, ரவுட்டருக்குப் பற்றரி கேளுங்கள். பொத்தானை வழங்கிய மாநகரசபையிடமோ நிறுவனத்திடமோ சிம்மில் இயங்கும் டிஜிட்டல் கருவியைக் கேளுங்கள்.

வேலையை ஒப்புக்கொள்ளும் நாள்

குறைந்தது இரண்டு அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். காப்புறுதி நிறுவனம் வேறு சொல்லாவிட்டால், உங்கள் கடைக்கு டிபி3 வகைக்குக் குறையாமல், கேபிள் இணையமும் 4ஜி சிம்மும் சேர்ந்த கருவியைக் கேட்பேன். சிம் ஒரே நிறுவனத்தோடு கட்டுண்டதாக இல்லாமல் கிடைக்கும் வலையமைப்புக்குத் தாவக்கூடியதாக இருக்கட்டும். ரவுட்டரை அலாரத்தின் பாதுகாப்புக்குட்பட்ட அறைக்குள் வைத்து, அதற்கும் பற்றரிக் காப்பு கொடுக்கச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன், நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, பொருத்தியவரை வைத்துக்கொண்டே ரவுட்டரின் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். நிலையத்தில் இணைப்பு அறுந்த செய்தி எத்தனை நிமிடத்தில் பதிவானது என்று தொலைபேசியில் கேளுங்கள். கேபிள் பிடுங்கிய நிலையிலேயே ஒரு கதவைத் திறந்து, களவுச் செய்தி சிம் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். பிறகு கடையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை. மூன்று சோதனைகளின் நேரத்தையும் வேலைப் பத்திரத்தில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியைத் தரகருக்கு அனுப்புங்கள். மீதிப் பணத்தை அதன் பிறகு கொடுங்கள்.